பழைய நாளிதழ்ப் படக்கதைகளும் பொதுவுரிமையும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு விளக்கம்

1. முன்னுரை

பேச்சுவழக்கை எழுத்துச் சான்றுகளில் தேடும் மொழியியலாருக்கு நாளிதழ்ப் படக்கதைத் தொடர்கள் வளமான களம். சிறுகதையும் புதினமும் பேச்சை எடுத்துரைப்பின் நடுவே பொதிந்து தருகின்றன. படக்கதையில் எடுத்துரைப்பின் பெரும்பகுதியைப் படமே ஏற்றுக்கொள்வதால் குமிழுக்குள் எஞ்சுவது பெரும்பாலும் பேச்சுதான். விளிச்சொற்கள், வியப்பிடைச் சொற்கள், ஒலிக்குறிப்புகள், முற்றுப்பெறாத தொடர்கள், குடியேறியோரின் கலப்புமொழி ஆகியவை அங்கே நாள்தோறும் தேதியுடன் பதிவாகியுள்ளன. அவை இயல்பான பேச்சின் படி அல்ல. ஒரு காலத்தார் தம் பேச்சை எவ்வாறு செவிமடுத்தனர் என்பதற்கான சான்று. அந்த அளவிலேயே தரவகம் தொகுப்போருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் அவை இன்றியமையாதன.

இத்தகைய தொடர்களைத் தொகுக்கவோ மொழிபெயர்க்கவோ முனைவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா, அவை யாருக்கு உரியவை என்பதாகும். பழைய நாளிதழில் வந்ததுதானே என்று எண்ணிப் பணியைத் தொடங்கி, அச்சேறும் தறுவாயில் உரிமைச் சிக்கலால் நிறுத்த நேர்வதுண்டு. அதற்கு மாறாக, உரிமைக்காலம் என்றோ முடிந்துபோன தொடரை உரிமையுள்ளது என்று அஞ்சி ஒதுக்கிவிடுவதும் உண்டு. முன்னது உழைப்பின் இழப்பு. பின்னது மொழிச் சான்றின் இழப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. படக்கதைத் தொடரை ஒரே படைப்பாகவும், அது பொதுவுரிமை அடைவதை ஒரே நாளில் நிகழ்ந்து முடியும் நிகழ்வாகவும் நாம் கருதிவிடுகிறோம். உண்மையில் தொடர் என்பது படம், சொல், பெயர், தவணை, மொழிபெயர்ப்பு எனப் பல அடுக்குகளால் ஆனது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனிக்கணக்கு உண்டு. அக்கணக்கும் நாட்டுக்கு நாடு வேறுபடும். இதனை எடுத்துக்காட்டுகள் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கலைச்சொற்கள்

பொருளுக்குள் புகுமுன் சொற்களை வரையறுத்துக்கொள்ளுதல் வேண்டும். தமிழில் 'காப்புரிமை' என்னும் சொல் புதுப்புனைவுக்கான உரிமையையும் நூலுரிமையையும் ஒருசேரக் குறிக்குமாறு வழங்கிவருகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு சட்டங்களின் பாற்பட்டவை. கால அளவும் வேறு. எனவே நூல், ஓவியம், இசை முதலியவற்றின் மீதான உரிமையை இக்கட்டுரை 'பதிப்புரிமை' என்றே சுட்டும்.

உரிமைக்காலம் முடிந்த படைப்பின் நிலையைக் குறிக்க 'பொதுவுடைமை' என்று சிலர் எழுதுவர். அச்சொல் ஓர் அரசியல் கோட்பாட்டின் பெயராக நிலைபெற்றுவிட்டது. 'நாட்டுடைமை' என்பதும் பொருந்தாது. பாரதியார் படைப்புகள் தொடங்கித் தமிழக அரசு மேற்கொண்டுவரும் நாட்டுடைமையாக்கம், உரிமைக்காலம் முடியுமுன்னரே உரிமையைப் பெற்று மக்களுக்கு வழங்கும் செயல். நாம் பேசுவதோ எவர் செயலுமின்றிக் காலம் முடிவதால் தானே வந்தடையும் நிலை. அதனை 'பொதுவுரிமை' என இங்குக் கொள்வோம். நாளிதழ்களுக்குத் தொடர்களை மொத்தமாக வழங்கும் அமெரிக்க நிறுவனங்கள் 'சிண்டிகேட்' என்றே சுட்டப்பெறும்.

3. ஒரே மாதத்தில் பிறந்த இருவர்

1929 ஜனவரி 10 அன்று பெல்ஜியத்தின் 'லெ வான்தியெம் சியெக்ல்' நாளிதழின் சிறுவர் இணைப்பான 'லெ பெத்தி வான்தியெ'மில் எர்ஜே வரைந்த டின்டின் தோன்றினான். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 17 அன்று, அமெரிக்க நாளிதழ்களில் ஏற்கெனவே வந்துகொண்டிருந்த 'திம்பிள் தியேட்டர்' என்னும் தொடரில் இ. சி. சீகர் பாப்பாய் என்னும் மாலுமியை அறிமுகப்படுத்தினார். பிறப்பில் ஏழு நாள் இடைவெளியே உள்ள இவ்விருவரின் சட்டநிலை, பொதுவுரிமை என்பது எத்துணை நாடுசார்ந்தது என்பதைத் தெளிவுறக் காட்டும்.

அமெரிக்காவில் இக்காலப் படைப்புகளுக்கு உரிமைக்காலம் வெளியீட்டு ஆண்டிலிருந்து கணக்கிடப்படுகிறது. அது 95 ஆண்டு. ஆகவே 1929-இல் வெளியான டின்டின் பகுதிகளும் பாப்பாய் பகுதிகளும் 2025 ஜனவரி 1 அன்று அங்கே ஒருங்கே பொதுவுரிமை எய்தின.

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் கணக்கு படைப்பாளியின் இறப்பிலிருந்து தொடங்கும். அது 70 ஆண்டு. சீகர் 1938-இல் மறைந்தார். எனவே அங்கே அவர் வரைந்தவை 2009 தொடக்கத்திலேயே பொதுவுரிமை ஆயின. எர்ஜே மறைந்தது 1983-இல். டின்டின் தன் தாய்நாட்டில் 2054 ஜனவரி 1 வரை காத்திருக்க வேண்டும்.

இந்தியாவின் கணக்கு மூன்றாவது வகை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் படைப்பாளியின் வாழ்நாளுக்குப் பின் 50 ஆண்டு என்று வரையறுத்தது. 1941-இல் மறைந்த தாகூரின் படைப்புகள் 1991 இறுதியில் உரிமை நீங்கும் நிலையில் இருந்தபோது இக்காலம் 60 ஆண்டாக நீட்டப்பட்டது. 1992-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. அதற்கு முன்னரே உரிமை முடிந்தவை இந்நீட்டிப்பால் மீண்டும் உரிமை பெறவில்லை. ஆதலின் சீகரின் படைப்புகள் பழைய 50 ஆண்டுக் கணக்கின்படியே 1989 தொடக்கத்தில் இந்தியாவில் பொதுவுரிமை எய்திவிட்டன. எர்ஜேயின் படைப்புகளுக்கோ அந்நாள் 2044 ஜனவரி 1 ஆகும்.

இதன் விளைவு கருதத்தக்கது. சீகரின் கையால் வந்த பாப்பாய் கதைகளை அமெரிக்கர் தொடத் தயங்கிய காலத்திலேயே, இந்திய மொழிபெயர்ப்பாளர் இங்கே அச்சிடச் சட்டம் இடம் தந்திருந்தது. டின்டினைப் பொறுத்தவரை நிலை தலைகீழ். 1929-ஆம் ஆண்டுப் பகுதிகளை அமெரிக்காவில் எவரும் அச்சிடலாம். சென்னையிலோ கொல்கத்தாவிலோ இசைவின்றி அச்சிட இயலாது. டின்டின் பொதுவுரிமை ஆகிவிட்டான் என்று 2025-இல் பரவிய செய்தி இந்தியப் பதிப்பாளருக்குப் பொருந்தாத செய்தி.

மூன்றாவதோர் எடுத்துக்காட்டும் தரலாம். ஜார்ஜ் ஹெரிமனின் 'கிரேசி கேட்' 1913-இல் தனித்தொடராகி 1944-இல் அவர் மறைவோடு முடிந்தது. பல கிளைமொழிக் கூறுகளையும் ஒலிப்புத் திரிபுகளையும் கலந்து அவர் அமைத்த மொழி, மொழியியலார் கவனத்துக்குரியது. 1992-இல் அவர் படைப்புகளின் உரிமை நடப்பில் இருந்ததால் 60 ஆண்டுக் கணக்கு பொருந்திற்று. 2005 ஜனவரி 1 முதல் அவை இந்தியாவில் பொதுவுரிமை. அமெரிக்காவிலோ அத்தொடரின் பிற்பகுதி புதுப்பிக்கப்பட்டிருப்பின் கடைசித் தவணைகள் 2040 தொடக்கத்திலேயே விடுபடும். அதுவரை இந்தியாவில் முறையாக அச்சிட்ட மொழிபெயர்ப்பையும் அமெரிக்காவில் விற்க முடியாமற் போகலாம்.

4. அமெரிக்கக் கணக்கின் நுட்பம்

மேலே 'புதுப்பிக்கப்பட்டிருப்பின்' என்றது விளக்கத்துக்குரியது. அமெரிக்காவின் 1909-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமையை இரு கூறாக்கியது. முதற்கூறு 28 ஆண்டு. இருபத்தெட்டாம் ஆண்டில் உரிமையாளர் விண்ணப்பித்துப் புதுப்பித்தால் மட்டுமே இரண்டாங்கூறு கிடைத்தது. இரண்டாங்கூற்றின் நீளம் பின்வந்த சட்டங்களால் கூடிக்கூடி, 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மொத்தம் 95 ஆண்டாயிற்று. 1964 முதல் 1977 வரை வெளியானவற்றுக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் புதுப்பிப்பைத் தானாக நிகழச் செய்தது. 1963 வரை வெளியானவற்றுக்கு அச்சலுகை இல்லை. புதுப்பிக்கத் தவறியிருந்தால் அவை அன்றே பொதுவுரிமை ஆகிவிட்டன.

அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 1960-ஐ ஒட்டி மேற்கொண்ட ஆய்வு, பதிவுபெற்ற படைப்புகளுள் ஏறத்தாழ 15 விழுக்காடே புதுப்பிக்கப்பட்டதாகக் கண்டது. அதனைக் கொண்டு தனியொரு தொடரைப் பற்றி முடிவு கூறலாகாது. சராசரி ஒரு தொகுதியைப் பற்றியது. புதுப்பிப்போ ஒவ்வொரு பதிவையும் பற்றியது. அலுவலகம் அச்சிட்ட பதிவுப் பட்டியல்களில் குறித்த ஆண்டின் பதிவைத் தேடிக் காண்பதே முறை. அப்பட்டியல்கள் இன்று கணினி வழியும் கிடைக்கின்றன.

உரிமைக் குறிப்பும் ஒரு நிபந்தனையாக இருந்தது. 1978-க்கு முன் உரிமைக் குறிப்பின்றி அமெரிக்காவில் வெளியிடப்பட்ட படைப்பு பொதுவாக உரிமையை இழந்தது. எனவேதான் பழைய தொடர்களில் இரு கட்டங்களுக்கு நடுவிலோ ஒரு கட்டத்தின் மூலையிலோ ஆண்டும் சிண்டிகேட்டின் பெயரும் பொடி எழுத்தில் காணப்படுகின்றன. மொழிபெயர்ப்புக்காகப் படத்தைத் துப்புரவு செய்வோர் குமிழில் உள்ள சொற்களை அழிக்கையில் இக்குறிப்பையும் அழித்துவிடுகின்றனர். தரவகம் தொகுப்போரும் இதனை மொழிச்சான்று அல்லவென்று விட்டுவிடுகின்றனர். உரிமை ஆய்வுக்கு முதற்சான்று அந்தப் பொடி எழுத்தே. குமிழின் சொற்களோடு அதனையும் எழுத்துப் பிசகாமல் பதிந்துகொள்ளுதல் வேண்டும்.

5. தொடரும் தவணையும்

கணக்கு வெளியீட்டு ஆண்டிலிருந்து தொடங்கும் நாட்டில் ஒவ்வொரு தவணையும் தனிப் படைப்பு. டின்டினின் முதற்கதை 1929 ஜனவரியில் தொடங்கி 1930 மே மாதம் வரை தொடர்ந்தது. அமெரிக்கக் கணக்கில் முற்பகுதி விடுபட்ட நாள் 2025 ஜனவரி 1. 1930-இல் வெளியான எஞ்சிய பகுதிக்கு அந்நாள் 2026 ஜனவரி 1. ஒரே கதை நாட்காட்டியால் இரண்டாக வெட்டுண்டது.

கதைமாந்தர் இயல்பும் இவ்வாறே படிப்படியாக விடுபடும். 1929-ஆம் ஆண்டுப் பாப்பாய்க்குக் கீரை உண்டு வலிமை பெறும் வழக்கம் இல்லை. அது பின்னர்ச் சேர்ந்த கூறு. டின்டினின் தோழரான கேப்டன் ஹாடக் தோன்றியது 1941-இல். மொழிபெயர்ப்பாளர் பலரை ஈர்ப்பது அவர் வாயில் எர்ஜே வைத்த வசைச்சொற்களே. அமெரிக்கக் கணக்கின்படி அவர் 2037 வரை உரிமைக்கு உட்பட்டவர். ஷெர்லாக் ஹோம்ஸ் பற்றிய வழக்கொன்றில் அமெரிக்காவின் ஏழாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014-இல் இதே நெறியை உறுதி செய்தது. முற்கதைகள் விடுபட்டால் அவற்றிலுள்ள மாந்தரும் விடுபடுவர். பிற்கதைகள் புதிதாகச் சேர்த்த கூறுகள் மட்டுமே தொடர்ந்து உரிமை பெறும்.

இதனால் ஒரு நடைமுறைக் கடப்பாடு பிறக்கிறது. மூலம் எது என்று குறிப்பிடும்போது தொடரின் பெயரையும் தொகுப்பு நூலின் ஆண்டையும் தருவது போதாது. நாளிதழில் வெளியான தேதி வேண்டும். தொகுப்பு நூல்கள் தவணைகளைத் திருத்தியும் மீண்டும் வரைந்தும் வண்ணம் சேர்த்தும் வெளியிடுவதுண்டு. டின்டின் கதைகள் நாளிதழில் கறுப்பு வெள்ளையாக வந்தவை. வண்ணப் பதிப்புகள் 1942 முதல் வரத்தொடங்கின. அங்கே சேர்ந்த புதுக்கூறுகளுக்குக் கணக்கு வேறு. பாடவேறுபாடு காண்பதில் நமக்குள்ள பயிற்சி இங்குப் பெரிதும் உதவும்.

6. பெயரும் உருவமும்

படக்கதை வரலாற்றின் தொடக்கத்திலேயே பெயரும் உருவமும் பிரிந்து தனித்தனி வழியே சென்றன. 1895 முதல் புலிட்சரின் 'நியூயார்க் வேர்ல்ட்' இதழில் ரிச்சர்ட் அவுட்கால்ட் வரைந்த மஞ்சள் அங்கிச் சிறுவன், 1896-இல் அவர் ஹெர்ஸ்டின் 'நியூயார்க் ஜர்னல்' இதழுக்கு மாறியபோது அங்கும் தோன்றினான். புலிட்சர் வேறோர் ஓவியரைக் கொண்டு பழைய தொடரையும் தொடர்ந்தார். ஒரே சிறுவன் ஒரே நகரின் இரு இதழ்களில் ஒரே காலத்தில் உலவினான்.

ருடால்ஃப் டர்க்ஸ் 1897-இல் தொடங்கிய 'காட்சன்ஜாமர் கிட்ஸ்' இன்னும் தெளிவான சான்று. ஜெர்மானியக் குடியேறிகளின் ஆங்கிலத்தை நகைச்சுவைக்குப் பயன்படுத்திய தொடர் அது. டர்க்ஸ் 1912-இல் ஹெர்ஸ்ட் நிறுவனத்திலிருந்து விலகியதைத் தொடர்ந்து எழுந்த வழக்கில், தலைப்பு இதழுக்கு உரியது என்றும், அம்மாந்தரைத் தொடர்ந்து வரையும் உரிமை ஓவியருக்கு உண்டு என்றும் முடிவாயிற்று. பழைய தலைப்பில் வேறோர் ஓவியர் வரைந்தார். அதே சிறுவர்களை டர்க்ஸ் வேறு தலைப்பில் வரைந்தார். இருதொடர்களும் பல பத்தாண்டுகள் உடன்நிகழ்ந்தன. குறிப்பானும் குறிப்பீடும் நீதிமன்றத்தால் பிரிக்கப்பட்ட நிகழ்ச்சி இது எனலாம்.

இந்தியாவிலும் இத்தகைய வழக்குண்டு. ராஜா பாக்கெட் புக்ஸ் நிறுவனத்தின் 'நாக்ராஜ்' என்னும் இந்திப் படக்கதை நாயகனுக்கு எதிராக வேறொரு பதிப்பகம் 'நாகேஷ்' என்னும் நாயகனைப் படைத்தது. 1990-களின் நடுவில் தில்லி உயர்நீதிமன்றம் நாகேஷை வெளியிட இடைக்காலத் தடை விதித்தது. பச்சை நிற உடல், பாம்புத் தோல் போன்ற தோற்றம் ஆகியவற்றோடு பெயர் ஒப்புமையும் அங்கே எழுந்த பொருள். நாகங்களுக்கு அரசன், நாகங்களுக்கு ஈசன் என்னும் இரு தொகைச்சொற்களின் பொருள் நெருக்கம் இவ்வாறு சட்டப் பொருளாயிற்று.

மொழிபெயர்ப்பாளருக்கு இது ஏன் வேண்டும்? பதிப்புரிமை முடிந்த மாந்தரின் பெயர் வணிகக் குறியாகப் பதிவு பெற்றிருக்கலாம். வணிகக் குறிக்கு முடிவுக்காலம் இல்லை; இந்தியாவில் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே செல்லலாம். வணிகக் குறியைக் கருவியாகக் கொண்டு முடிந்துபோன பதிப்புரிமையை நீட்டிக்கலாகாது என்பதை அமெரிக்க உச்சநீதிமன்றம் 2003-இல் வலியுறுத்தியது. ஆயினும் நூலின் அட்டையில் பெயரைப் பொறிக்கும் முறை, உரிமை நிறுவனமே வெளியிட்டதென்ற மயக்கத்தைத் தரலாகாது. உள்ளே கதை பொதுவுரிமையாயினும் அட்டை தனியே ஆராயப்பட வேண்டும்.

7. இதழும் ஓவியரும்

உரிமை யாருக்கு என்பதும் உரிமை எவ்வளவு காலம் என்பதும் இருவேறு வினாக்கள். இந்தியச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு இதழ் ஊழியர்க்குத் தனிநெறி வகுக்கிறது. நாளிதழ் அல்லது பருவ இதழின் ஊழியர் அவ்விதழில் வெளியிடுவதற்காகப் படைத்ததில், மாறான ஒப்பந்தம் இல்லாதபோது, இதழ்களில் வெளியிடும் உரிமை மட்டுமே உரிமையாளருக்குச் சேரும். ஏனைய உரிமைகள் படைத்தவருக்கே. ஆகவே பழைய தொடரொன்றை நூலாக மொழிபெயர்க்க விரும்புவோர் இதழ் அலுவலகத்தில் மட்டும் இசைவு பெற்றால் அது போதாமற் போகலாம். ஓவியரின் வாரிசுகளே உரியவராக இருக்கக்கூடும்.

மலையாளத்தின் புகழ்பெற்ற 'போபனும் மோளியும்' தொடர் பற்றிய வழக்கு இங்குக் குறிப்பிடத்தக்கது. டாம்ஸ் என்னும் பெயரில் வரைந்த வி. டி. தாமஸ், மலையாள மனோரமா நிறுவனப் பணியிலிருந்து விலகியபின் அம்மாந்தரை வேறிடத்தில் வரைந்ததால் வழக்கு எழுந்தது. பணி முடிந்தபின் ஊழியர் படைப்பவற்றின் உரிமை அவருக்கே, முன்னாள் நிறுவனத்துக்கு அதில் உரிமை இல்லை என்று கேரள உயர்நீதிமன்றம் 1988-இல் முடிவு செய்தது. டாம்ஸ் 2016-இல் மறைந்தார். உரிமை எவரிடம் இருப்பினும் காலக்கணக்கு அவர் மறைவிலிருந்தே ஓடும். அவர் வரைந்தவை 2077 தொடக்கத்தில் பொதுவுரிமை எய்தும்.

எழுதுவோரும் வரைவோரும் வெவ்வேறு ஆளாக இருந்து, இருவர் பங்கும் பிரிக்கவியலாதபடி இணைந்திருந்தால், இறுதியில் மறைந்தவரின் இறப்பே கணக்குக்கு அடிப்படை. பெயரின்றி வெளியானவற்றில் படைத்தவர் யாரென்று பின்னர் வெளிப்படாவிடின் வெளியீட்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே ஓவியரின் கையொப்பம் உண்டா இல்லையா என்னும் சிறு விவரம் முழுக் கணக்கையும் மாற்றிவிடும்.

லீ ஃபாக் எழுதி ரே மூர் வரைய 1936-இல் தொடங்கிய 'ஃபேன்டம்' தொடர் மற்றொரு நுட்பத்தைக் காட்டும். மூர் 1984-இலும் ஃபாக் 1999-இலும் மறைந்தனர். கூட்டுப் படைப்பாகக் கொண்டால் இந்தியக் கணக்கு 2059 இறுதிவரை நீளும். ஆனால் அயல்நாட்டுப் படைப்பு அதன் தாய்நாட்டில் பெறும் காலத்தைவிட மிகுதியான காலத்தை இங்குப் பெறாது என்பது நம் பன்னாட்டுப் பதிப்புரிமை ஆணையின் நெறி. அமெரிக்கக் கணக்கில் 1936-ஆம் ஆண்டுத் தவணைகள் 2031 இறுதிக்குமேல் நீடிக்க மாட்டா. ஆதலின் இங்கும் அவற்றுக்கு அதுவே எல்லை.

8. சொல்லும் படமும் மொழிபெயர்ப்பும்

இந்தியச் சட்டம் படக்கதையைப் பெயர் சொல்லிக் குறிப்பதில்லை. ஆயினும் அதனை அறியும். 'தழுவல்' என்பதற்குத் தரும் வரையறையில், இலக்கியப் படைப்பொன்றின் கதையை முழுதுமோ பெரும்பான்மையுமோ படங்களால் உணர்த்தி நூலிலோ இதழிலோ அச்சிடத்தக்கதாக ஆக்குவதையும் அது அடக்குகிறது. ஒரு நாவலைப் படக்கதையாக்க நாவலாசிரியரின் இசைவு தேவை என்பது இதன் பயன். மூலம் பொதுவுரிமையாக இருந்தால் இசைவு தேவையில்லை. ஆனால் அதிலிருந்து பிறந்த படக்கதை புதிய படைப்பாகத் தனியுரிமை பெறும். அரபுக் கதைகளின் சிந்துபாத் எவருக்கும் உரியவன். அவனை நாயகனாகக் கொண்டு 1960 முதல் தினத்தந்தியில் வந்த 'கன்னித்தீவு' அவ்வாறன்று.

மேலும், இந்தியச் சட்டம் இலக்கியப் படைப்புக்கு மொழிபெயர்க்கும் உரிமையைத் தருகிறது. ஓவியப் படைப்புக்கு அதனைச் சுட்டவில்லை. ஓவியத்தை மொழிபெயர்க்க முடியாது, படியெடுக்கவே முடியும். படக்கதையின் மொழிபெயர்ப்பாளர் சொல்லை மொழிபெயர்க்கிறார், படத்தைப் படியெடுக்கிறார். எனவே அவருக்கு இரு இசைவுகள் தேவை. எழுதியவரும் வரைந்தவரும் வேறுவேறாயின் அவற்றைத் தருவோரும் வேறுவேறாகலாம்.

மொழிபெயர்ப்பு தனக்கெனவும் உரிமை பெறுகிறது. ஆனந்தமேளா இதழில் வெளிவந்த டின்டின் கதைகளை வங்காளத்தில் ஆக்கிய கவிஞர் நீரேந்திரநாத் சக்ரவர்த்தி 2018-இல் மறைந்தார். டின்டினின் நாய் பிரெஞ்சில் மிலு, ஆங்கிலத்தில் ஸ்னோயி, வங்காளத்தில் குட்டுஸ். 2044-இல் எர்ஜேயின் பிரெஞ்சு மூலம் இந்தியாவில் விடுபட்டாலும், வங்காள வாசகர் அறிந்த டின்டின் உரை 2078 இறுதிவரை உரிமைக்குள் இருக்கும். ஃபேன்டமும் இவ்வாறே இந்தியில் வேதாள், வங்காளத்தில் அரண்யதேவ், தமிழில் முகமூடி வீரர் மாயாவி என வேறு வேறு பெயர்களில் வாழ்கிறார். பெயர் மட்டும் பதிப்புரிமை பெறுவது அரிது. அப்பெயர் வழங்கும் உரை பெறும். எனவே மூலம் பொதுவுரிமை என்பதால் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் பொதுவுரிமை என்று கொள்வது பிழை. மூலத்திலிருந்து புதிதாக மொழிபெயர்ப்பதே பாதுகாப்பான வழி. ஆங்கிலத்தை இடைமொழியாகக் கொண்டு பிரெஞ்சுத் தொடரை மொழிபெயர்ப்போர் ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் உரிமையையும் கருத வேண்டும்.

உரிமையாளர் மறுத்தாலோ அகப்படாவிட்டாலோ சட்டம் முற்றிலும் வாயிலை அடைத்துவிடவில்லை. முதல் வெளியீட்டிலிருந்து ஏழாண்டு கடந்தும் குறித்த மொழியில் மொழிபெயர்ப்பு வெளிவராத இலக்கியப் படைப்புக்கு உரிமம் கோர 32-ஆம் பிரிவு வழிசெய்கிறது. ஆனால் பெர்ன் உடன்படிக்கையின் 1971 பாரிஸ் வடிவத்தின் பின்னிணைப்பு, பெரிதும் படங்களால் ஆன படைப்பாயின் படியெடுப்புக்குரிய நிபந்தனைகளும் நிறைவேற வேண்டும் என்கிறது. படக்கதை இவ்வரம்புக்குள் வருவது தெளிவு. படைப்பாளி மறைந்தோ இன்னாரென்று அறியப்படாமலோ இருக்கும் நிலைக்கு 31அ பிரிவு உண்டு. 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் அதனை வெளியான படைப்புகளுக்கும் விரித்தது. மொழிபெயர்ப்புக்கு உரிமம் கோருவோர் தம் கருத்தை ஆங்கில நாளிதழில் மட்டுமின்றி அம்மொழி நாளிதழிலும் விளம்பரப்படுத்த வேண்டும். வழி நீண்டது, ஆயினும் வழியுண்டு.

9. ஆய்வாளருக்கான இடம்

ஆய்வு உள்ளிட்ட தனிப்பயன்பாட்டுக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை 52-ஆம் பிரிவு மீறலாகக் கருதுவதில்லை. குமிழ்களின் சொற்களைத் தம் ஆய்வுக்காகத் தொகுத்து வைத்துக்கொள்வதற்கும் கட்டுரையில் சான்றாக எடுத்தாள்வதற்கும் இது இடமளிக்கிறது. அத்தொகுப்பை முழுமையாக வெளியிடுவதற்கு இதனை நீட்டிக்க முடியாது.

இங்குப் படக்கதைக்கே உரிய இடர் ஒன்றுண்டு. நூலிலிருந்து ஒரு பத்தியை மேற்கோள் காட்டினால் அது முழுமையின் சிறுபகுதி. அன்றாடம் நான்கு கட்டங்களில் முடியும் நகைத்தொடரில் ஒருநாள் தவணையே ஒரு முழுப் படைப்பு. அதில் வரும் இடைச்சொல் ஒன்றின் பயன்பாட்டைச் சூழலோடு காட்ட வேண்டுமாயின் தவணை முழுவதையும் காட்ட நேரும். எந்த வாதத்துக்கு எந்தக் கட்டம் தேவை என்பதைக் கட்டுரையிலேயே விளங்க எழுதுவதும், படம் இன்றியமையாதபோது மட்டும் படத்தைச் சேர்ப்பதும் நலம். சொல் மட்டும் போதுமான இடத்தில் குமிழின் உரையைப் பெயர்த்தெழுதினால் போதும்.

10. முடிவுரை

மேற்கண்டவற்றிலிருந்து, பழைய தொடரொன்றைக் கையிலெடுப்போர் வரிசையாகக் கேட்க வேண்டிய வினாக்கள் பெறப்படுகின்றன. எந்நாட்டில் வெளியிடப் போகிறோம்? குறித்த தவணை எந்த நாளில் முதலில் வெளியாயிற்று? எழுதியவர் யார், வரைந்தவர் யார், எப்போது மறைந்தனர்? தாய்நாட்டுக் கணக்கு நம்முடையதைவிடக் குறுகியதா? அமெரிக்கத் தொடராயின் குறிப்பும் புதுப்பிப்பும் உண்டா? கையிலிருப்பது நாளிதழ் வடிவமா, பிந்தைய திருத்த வடிவமா? மூலமா, மொழிபெயர்ப்பா? பெயர் வணிகக் குறியா? இவற்றுக்கு விடைகளை எழுதி மொழிபெயர்ப்புப் படியோடு சேர்த்து வைப்பது, பதிப்பாளருக்கும் பின்வரும் ஆய்வாளருக்கும் பயன்படும். விடை ஐயத்துக்கிடமாக உள்ள இடங்களில் சட்ட அறிஞரின் கருத்தைப் பெறுதல் தக்கது.

நாளிதழ்த் தாள் நீடித்திருப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. அது பழுத்து நொறுங்கும் வேகத்துக்கும் உரிமைக்காலம் முடியும் வேகத்துக்கும் தொடர்பில்லை. உரிமை முடியும்வரை காத்திருந்தால் பல தொடர்களில் உரிமை மட்டும் முடிந்திருக்கும், தாள் இராது. எனவே வெளியிட இயலாதவற்றையும் ஆய்வுக்காகத் தேதியோடும் கையொப்பத்தோடும் உரிமைக் குறிப்போடும் பதிந்து பாதுகாப்பது இன்றே செய்யத்தக்க பணி. வெளியிடத்தக்க நாள் ஒவ்வொன்றுக்கும் எதுவென்று கணக்கிட்டு வைப்பதும் அப்பணியின் ஒரு பகுதியேயாகும்.